ஈய லம்பத்துப் பனி

பரமநாதனுக்கு நான் எட்டு வெள்ளி தர வேண்டியிருந்தது.

எட்டு வெள்ளி எனக்கு ஒரு காசா? பினாங்கு டத்தோ கிராமட் சாலையில் என் பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று கடை அகலம். பின்னால் வண்டி தூக்கும் மேடை இரண்டு. சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பால்வாளி தூக்கிய கையால் ஸ்பேனர் பிடித்து, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் ஏச்சு வாங்கி வாங்கித் தொழில் படித்து, கடைசியில் அந்தத் தவுக்கேயின் பட்டறையையே விலைக்கு வாங்கினேன். வங்கிக்காரன் என்னைத் தேடி வருவானே தவிர நான் அவனைத் தேடிப் போனது கிடையாது. கடன் என்று சொல்லி ஒருவன் என் வாசலில் நின்றதில்லை. அப்படிப்பட்ட நல்லமுத்துவாகிய நான் பதினைந்து வருஷம் எட்டு வெள்ளிக் கடன்காரனாக இருந்தேன். கொடுக்க மனம் இருந்தது. காசும் தயாராக இருந்தது. வாங்க வேண்டிய கைதான் இல்லை.

பரமநாதன் யார் என்று சொல்கிறேன். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, கெலுகோரில் ஒரு வீடும் மகனுக்கு நல்ல இங்கிலீஷும் வைத்துவிட்டுப் போனவர். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாத காற்சட்டை, பையில் இரண்டு பேனா. எங்கள் தோட்டத்தில் கிராணி எதிரே வந்தால் என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். அந்த ஜாதி மனிதன் ஒருநாள் என் பட்டறைக்கு ஒரு லாரியோடு வந்தான். லாரி மேலே, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு வில்லிஸ் ஜீப். கூரை இல்லை, கதவு இல்லை, இருக்கைக்கு அடியில் கோழி முட்டை போட்டிருந்தது.

"இதை ஓட வைக்க முடியுமா?" என்றான்.

"கிராணியாரே, பழைய இரும்புக் கடை அடுத்த தெருவுலே இருக்கு."

"அங்கே போய்ட்டுத்தான் வர்றேன். அவன் வேணாம்னுட்டான். அதுக்கப்புறந்தான் உங்க பேரைச் சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் எனக்குப் பரமு, நான் அவனுக்கு முத்து. வண்டியை நான் ஓட வைத்தேன். நான் ஓட வைக்காமல் வேறு யார் வைப்பது? அடியிலிருந்த வில் பட்டைகளை உயர்த்தினேன். லாரியிலிருந்து கழற்றிய, வடம் சுற்றி இழுக்கும் வின்சை முன்னால் பொருத்தினேன். தண்ணீரில் போனாலும் இன்ஜின் மூச்சு முட்டாமல் இருக்க, காற்று இழுக்கும் குழாயைக் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே கொண்டுபோய்ப் பற்றவைத்தேன். மூக்குக் குழாய் என்று நாங்களே பெயர் வைத்தோம். இடது விளக்குக்குப் பொருத்தமான பல்பு கிடைக்காமல் லாரி பல்பைப் போட்டதில், அந்த ஜீப்புக்கு ஒரு கண் வெள்ளை, ஒரு கண் மஞ்சள்.

வேலை நடந்த நாட்களில் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான். ஒருமுறை ஒரு காலண்டரைக் கொண்டுவந்து விரித்தான். நார்வே கப்பலில் மேட்டாக இருந்த அதிகாரி ஒருவன் கொடுத்ததாம். டிசம்பர் படத்தில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் மூன்று, பானெட் வரைக்கும் பனியில் புதைந்து நின்றன. சுற்றிலும் தாடிக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலை வெட்டி இல்லாதவனுங்க," என்றேன்.

"சேறு மாதிரி இல்ல முத்து. பனியிலே சத்தமே இருக்காதாம். இன்ஜின் சத்தத்தைக்கூட அது முழுங்கிடுமாம். சக்கரத்துலே காத்தைப் பாதிக்கு மேலே திறந்துவிட்டுட்டா, டயர் சப்பையா விரிஞ்சு, ஏடு உடையாம மேலாப்புலே போகலாமாம். மேட் சொன்னான்."

"பினாங்குலே பனிக்கு எங்கே போவே? ஐஸ் கச்சாங் கடைக்கா?"

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்றைக்கே பிடிக்கவில்லை.

எங்களோடு மூன்றாவது ஆள் ஷேக் அலாவுதீன். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் காசு மாற்றும் கடை. எனக்கு லேண்ட் குரூசர், அவனுக்கு லேண்ட் ரோவர், பரமுவுக்கு அந்த முட்டை போட்ட ஜீப். மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஃபெரியில் வண்டிகளை ஏற்றிப் பட்டர்வொர்த்தில் இறக்கி, மரம் வெட்டும் பாதை, ஆற்றங்கரை, ரப்பர் காடு என்று சேறு எங்கே ஆழமோ அங்கே போவோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வண்டி புதைந்தால் இன்னொருவன் வின்ச் போட்டு இழுப்பான். ஒரு இழுப்புக்கு ஒரு வெள்ளி. புதைந்தவன் இழுத்தவனின் விரித்த கையில், வாய்விட்டு எண்ணி வைக்க வேண்டும். நீ எனக்கு இரண்டு, நான் உனக்கு ஒன்று என்று கழித்துக்கொள்ளக் கூடாது. அவரவர் காசு அவரவர் கைக்கு வந்தாக வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பவும் கூடாது. முக்கியமாக, ஃபெரி ஏறுவதற்குள் தீர்த்துவிட வேண்டும். சேற்றுக் கடன் கடல் தாண்டக் கூடாது. விளையாட்டுக்கு வைத்த சட்டம்தான். ஒருமுறை அலாவுதீன் கொடுக்க மறந்து ஃபெரி ஏறினான். கரையில் இறங்கும்போது பாலத்தட்டிலேயே அவன் கியர்பாக்ஸ் சிதறியது. பின்னால் வரிசை கட்டிய வண்டிக்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடிக்க, அவன் ஓடிவந்து பரமு கையில் காசை வைத்தான். அதற்கப்புறம் யாரும் மறந்ததில்லை.

பரமு ஒருநாளும் புதைந்ததில்லை. வெள்ளைச் சட்டையோடு வருவான், வெள்ளைச் சட்டையோடு போவான். அவன் கையில் நாங்கள்தான் எண்ணி எண்ணி வைத்தோம். என் கையில் அவன் ஒரு வெள்ளிகூட வைத்ததில்லை. எனக்கு அது எரிச்சல்தான். "ஒரு நாள் இந்தக் கையாலே உன்னை இழுக்கத்தான் போறேன்," என்பேன். "இழு, காசு தயாரா இருக்கு," என்பான்.

அந்த வெள்ளை நிலத்தைக் கண்டுபிடித்தது அவன்தான். தைப்பிங்குக்கு அப்பால், கைவிட்ட ஈய லம்பம், ஈயச் சுரங்கம். ஈயத்தை அலசி எடுத்தபின் கொட்டிய மணல் கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. நடுநடுவே அலசிய சேற்றைத் தேக்கிய குட்டைகள். சிலதில் தண்ணீர் நிற்கும். சிலது மேலே காய்ந்து, மணலா குட்டையா என்று தெரியாமல் ஒரே வெள்ளையாக இருக்கும். புல் இல்லை, பறவை இல்லை. முதல் தடவை போனபோது பரமு வண்டியை நிறுத்தி இறங்கி நின்றான். இன்ஜினை அணைத்ததும் காதில் ஒன்றுமே விழவில்லை.

"பனி," என்றான்.

அலாவுதீன் அவன் காதுபடாமல், "முத்தண்ணே, இவருக்கு வெயில் ஏறிடுச்சு," என்றான். ஆனால் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கும் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசத்தான் தோன்றியது.

ஆகஸ்ட் வெயிலில் அவன் மேட் சொன்னபடி காற்றைத் திறந்துவிட்டு அந்த வெள்ளையின் குறுக்கே ஓட்டிக் காட்டினான். சக்கரம் அரை விரற்கடைகூடப் பதியவில்லை. ஜீப் மிதந்து போனது போல இருந்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்திருக்க மாட்டான்.

கடைசியாகப் போனது எண்பத்து மூன்று நவம்பர். ஒரு வாரமாக மழை. போகும் வழியில் சுங்கை பாக்காப்பில் தேநீர் குடித்தோம். என் அப்பா நின்ற தோட்டத்து ஆபீஸ் வாசலை நான் லேண்ட் குரூசரில் கடந்து போனேன். வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். பரமு பின்னாலிருந்து ஹார்ன் அடித்தான். "தவுக்கே, ஊர்வலம் முடிஞ்சுதா?"

வெள்ளை நிலம் ஊறிப்போயிருந்தது. என் வண்டி கனம். கனமான வண்டி புதையத்தான் செய்யும், அது ஓட்டுபவன் குற்றமில்லை. நான் புதையப் புதைய, பரமு மணல் மேட்டில் நின்று வின்ச் போட்டு இழுத்தான். அலாவுதீன் குடைக்குள் நின்று எண்ணினான்.

"முத்தண்ணே, எட்டாச்சு. இன்னும் ரெண்டு தடவை விழுந்துடுங்க. பத்து வெள்ளி நோட்டா நீட்டிடலாம், சில்லறை மிச்சம்."

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளித் தாள்களை எடுத்தேன். மழையில் நனைந்து, என் விரல் சேறு அதில் வெள்ளையாக ஒட்டியது.

பரமு கையை நீட்டவில்லை. "இங்கே வேணாம் முத்து. நனைஞ்ச நோட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ரெண்டை ஒண்ணா எண்ணி நீ என்னை ஏமாத்துவே. பட்டர்வொர்த்லே காய வச்சு எண்ணிக் குடு."

அதுதான் நடந்தது. அவ்வளவுதான்.

அங்கிருந்து தார் ரோட்டுக்குப் போக, கரையைச் சுற்றிக்கொண்டு போகும் மண்பாதை ஒன்று உண்டு. குறுக்கே போனால் வெள்ளை நிலம், அதற்கு அந்தப் பக்கம் முச்சந்தி, அங்கே ஒரு காப்பிக்கடை. நாங்கள் இருவரும் கரை வழியே கிளம்பினோம். பரமு ஜீப்பை விட்டு நகரவில்லை.

"நீங்க போங்க. நான் நேரா போனாலும் போவேன். காப்பி சொல்லி வைங்க."

"மழை பெஞ்சிருக்கு பரமு. சுத்திக்கிட்டே வா."

"பனியும் தண்ணிதானே லா," என்றான்.

மேட் சொன்னபடி காற்றைத் திறந்துவிட்டால் எங்கும் மிதக்கலாம் என்று அவன் நம்பினான். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டான். பனிக்கு அடியில் எப்படியும் தரை இருக்கும். ஈயச் சேற்றுக்கு அடியில் தரை கிடையாது. இதைச் சொல்ல மேட் அங்கே இல்லை. எங்களுக்கோ அன்றைக்கு அது தெரியாது.

மழை திரை போட்டது. கரையில் போகும்போது பின்னால் வில்லிஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. மூன்றாவது சிலிண்டரில் அதற்கு ஒரு தட்டல் உண்டு, எத்தனை சரி செய்தாலும் போகாது. அந்தத் தட்டல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று அப்போது நினைக்கவில்லை. மழைச் சத்தம் மூடிவிட்டது என்று நினைத்தேன்.

காப்பிக்கடையில் மூன்று காப்பி சொன்னோம். மூன்றாவது ஆறி ஏடு படிந்தது.

திரும்பிப் போய்த் தேடினோம். அடுத்த கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், எருமை மேய்க்கும் யூசுப் என்பவனும் கூட வந்தான். எல்லாத் தடத்தையும் மழை அழித்திருந்தது. போலீஸ் வந்தது. முக்குளிப்பவர்கள் தண்ணீர் நின்ற குட்டைகளில் இறங்கிப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் வெள்ளை. எது மணல், எது குட்டை என்று யாருக்குத் தெரியும்? கஞ்சியில் கரண்டி விழுந்தால் மேலே மறுபடியும் ஏடு மூடிக்கொள்வது போல அது மூடிக்கொள்ளும் என்று யூசுப் சொன்னான். அன்று நான் ஃபெரி ஏறும்போது அந்த எட்டு வெள்ளி என் சட்டைப் பையில் இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பீச் ஸ்ட்ரீட்டில் எல்லாரிடமும் பரமு பனியைப் பற்றிப் பேசியிருந்தான். எல்லாக் கப்பல்காரனும் அவனுக்குச் சினேகம். ஜீப்பும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஜீப்பை விற்றுவிட்டு எவனோ ஒரு கேப்டனோடு கப்பல் ஏறிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. ஹாட்யாயில் ஒரு கண் மஞ்சளான ஜீப்பைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னான். பெண்டாட்டியை விட்டு ஓடிய கிராணி என்று பெயராகிவிட்டது.

அந்தப் பெயரை உரக்க மறுக்க வேண்டியவள் அவன் மனைவி கமலாம்பிகை. பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்ட். பிள்ளைகள் கிடையாது. அவள்தான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

துக்கம் கேட்கப் போன சொந்தக்காரர்களை அவள் உள்ளே விடவில்லை. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்று சொன்னவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. வெளியே எல்லாரையும் போலப் பேசுபவள், வீட்டு வாசலுக்குள் வந்தால் யாழ்ப்பாணப் பேச்சுக்கு மாறிவிடுவாள்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முதல்நாள் நான் போனேன். தாள்களைக் காய வைத்து, ஒரு மைலோ டின்னில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கூடத்துச் சுவரில் அந்த நார்வே காலண்டர் டிசம்பரில் நின்றது.

"வாங்கோ அண்ணை, இருங்கோ."

"தங்கச்சி, பரமுவுக்கு எட்டு வெள்ளி தரணும். வாங்கிக்கம்மா."

அவள் டின்னைத் தொடவில்லை. "உங்கட சட்டம் என்ன அண்ணை? இழுத்த ஆளின்ட கையிலே வைக்க வேணும் எண்டுதானே? நானோ இழுத்தனான்?"

"இல்லே."

"அப்ப வைச்சிருங்கோ. வந்து வாங்குவார்."

"ஊரு என்ன பேசுதுன்னு தெரியும்லே? அவன் ஓடிப்போனான்னு பேசுது. அவன் அப்படிப்பட்டவன் இல்லே தங்கச்சி. அந்தச் சேத்துலேதான் இருக்கான். நான் சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஓடிப்போன மனுசன் ஏதோ ஒரு ஊரிலே சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். இருக்கட்டும். அவரின்ட பங்கை நான் வாங்கினால், அவர் இல்லை எண்டு ஆகிடும். அதுக்கு என்னைக் கேட்க வேண்டாம்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் தேநீர் வந்தது. டின் திரும்பி வந்தது. காலண்டர் மாறவில்லை. வெயில் பட்டு அந்தப் படத்தில் வண்டிகளும் தாடிக்காரர்களும் மங்கி மங்கிக் கடைசியில் பனி மட்டும் மிஞ்சியது.

இனிமேல் சொல்வதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நான் பயந்தவன் இல்லை. தோட்டத்தில் பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றியவன். ஆனால் வண்டிச் சத்தத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நூறு வண்டிக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, எது யாருடையது என்று சொல்வேன். பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில், பட்டறையில் எல்லா இயந்திரமும் நின்றிருக்கும்போது, வாசலில் ஒரு வில்லிஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருக்கும். மூன்றாவது சிலிண்டரில் தட்டல். சோற்றுக் கையோடு எழுந்து போவேன். வாசலில் வெயில் மட்டும் இருக்கும். ஒருநாள் வாசல்படியில் வெள்ளையாகச் சேறு காய்ந்து கிடந்தது. அடுத்த கடையில் சிமெண்ட் இறக்கினார்கள் என்று பையன்கள் சொன்னார்கள். இருக்கலாம். நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். சிமெண்ட் அவ்வளவு வழவழப்பாக இருக்காது.

அலாவுதீனிடம் கேட்டேன். "பாய், உனக்கு ஏதாவது கேக்குதா?"

"கேக்கலேண்ணே," என்றான், நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டே. பிறகு எண்ணியது விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினான். அந்த வருஷமே லேண்ட் ரோவரை விற்றுவிட்டான்.

எண்பத்தைந்தில் பாலம் திறந்தார்கள். ஃபெரி இல்லாமலே கடலைத் தாண்டலாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். நானும் என் லேண்ட் குரூசரில் போனேன். நடுப்பாலத்தில் மழை பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இரண்டு விளக்கு, ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. நான் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. கரையிறங்கி ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கோழி ஏற்றிய லாரி ஒன்று போனது. அதன் விளக்குகள் இரண்டும் மஞ்சள்தான்.

அதற்கப்புறம் சேற்றில் வண்டி விடுவதை நிறுத்திவிட்டேன். லேண்ட் குரூசரை மட்டும் விற்கவில்லை. மாதம் ஒருதடவை வின்சுக்கு எண்ணெய் விடுவேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

தொண்ணூற்றெட்டில் பெரிய வறட்சி. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஒருநாள் பட்டறை வாசலில் ஒரு கிழவன் சொங்கோக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். யூசுப். பஸ் மாறி மாறி வந்திருந்தான். உட்கார மாட்டேன் என்றான். மலாயில் சொன்னான்: குட்டைகள் எல்லாம் வற்றி வெடித்துவிட்டன. ஒரு இடத்தில் வெள்ளை நடுவே ஒரு குழாய் நிற்கிறது. மத்தியானக் காற்று அடித்தால் அது ஊதுகிறது. தூரத்திலிருந்து கேட்டால் வண்டி நின்று உறுமுவது போல இருக்கிறது. எருமைகள் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கின்றன.

நான் கடையைச் சாத்தினேன். அலாவுதீனை அவன் கடையிலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு போனேன்.

அது வில்லிஸின் மூக்குக் குழாய்தான் என்று தெரிய, கிட்டப் போய்த் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. பற்றவைத்த தழும்பு மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே அளவாகப் படிந்திருந்தது. இந்தப் பினாங்கில் அப்படி வைக்கிற கை ஒன்றுதான். காற்று வந்தது. குழாய் ஊதியது. பதினைந்து வருஷமாக என் வாசலில் கேட்ட சத்தத்தை அன்றைக்கு அலாவுதீனும் கேட்டான். தலைக்குல்லாயைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "நான் பொய் சொன்னேண்ணே," என்றான். "எனக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

போலீஸ் ஒரு கிரேன் லாரியை வரவழைத்தது. அதன் முன்சக்கரம் இறங்கியதுமே வெள்ளை ஏடு நெளிந்தது. டிரைவர் பின்னால் எடுத்துவிட்டான். நான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், நான் இழுக்கிறேன் என்று. கரைமேல் கெட்டித்தரையில் லேண்ட் குரூசரை நிறுத்தினேன். ஆட்கள் பலகை போட்டு நடந்துபோய், ஜீப்பைச் சுற்றித் தோண்டிக் கொக்கியை மாட்டினார்கள். வின்சை ஓட விட்டேன். வடம் இறுகியது. என் வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை. சேறு பெரிதாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம் போட்டது. பிறகு வில்லிஸ் வந்தது, முழுக்க வெள்ளையாக, அந்த நார்வே படத்தில் இருந்த வண்டிகளைப் போலவே.

உள்ளே இருந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பால் டின், அதற்குள் சக்கரத்துக் காற்று மூடிகள் நான்கும் இருந்தன.

அலாவுதீன்தான் பழைய பழக்கத்தில் மெல்லச் சொன்னான்: "முத்தண்ணே, ஒண்ணாச்சு."

போலீஸ் சொல்வதற்கு முன்னால் நான் கெலுகோருக்குப் போய்விட வேண்டும் என்று ஓட்டினேன். பாலத்தைத் தாண்டும்போது கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒன்றுமில்லை.

கமலாம்பிகை கதவைத் திறந்தாள். தலை நரைத்திருந்தது. என் காற்சட்டை முழங்கால் வரைக்கும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றோம்.

"ஜீப்பை மட்டுமோ அண்ணை?" என்று கேட்டாள்.

"ரெண்டையும்."

கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. "எல்லைப் பக்கம் போற வழியிலே விழுந்திருப்பாரோ?"

அவளுக்கு அந்த ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பரமுவின் பெயர் பதினைந்து வருஷம் அழுக்காகிக் கிடந்தது. "காத்து மூடி நாலையும் கழட்டி டின்னுலே வச்சிருந்தான் தங்கச்சி. சப்பை டயரோட அவன் தார் ரோட்டுலே ஓட்ட மாட்டான். எங்கேயும் போகலே. முச்சந்திக்குத்தான் வந்துகிட்டிருந்தான். காப்பி குடிச்சிட்டு, காத்தை அடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வர்றதுக்கு."

"மூடியைப் பத்திரமா வைச்சிருந்தவரோ?"

"நாலும் இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். அழவில்லை. "யார் இழுத்தது?"

"நான்தான்."

"எத்தனை இழுப்பு?"

"ஒண்ணுதாம்மா."

உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நான் மைலோ டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவள், "கையை விரியுங்கோ அண்ணை," என்றாள்.

"எனக்கு எதுக்கு? கழிச்சுக்கலாம் தங்கச்சி."

"கழிக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சட்டம் வைச்சீங்கள்."

விரித்தேன். ஒரு வெள்ளிக் காசு ஒன்றை நடுக்கையில் வைத்தாள். அந்தச் சமயம் ஒரு வெள்ளிக்குத் தாள் கிடையாது, மஞ்சள் காசுதான். "ஒண்டு," என்று அவள் வாய்விட்டு எண்ணினாள். பரமுவின் காசு என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு காலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டேன்.

பிறகு அவள் தன் கையை நீட்டி விரித்தாள். இடது கையால் அடியில் தாங்கிக்கொண்டாள்.

டின்னைத் திறந்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெள்ளைச் சேறு காய்ந்து பொடியாக உதிர்ந்தது. இரண்டை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்று நகத்தால் மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஒண்ணு," என்றேன். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு."

கடைசித் தாளை வைத்தேன்.

"எட்டு."